பதக்கத்துக்குப் பாலிஷ் போடாதீர்கள்: படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

வணக்கம். சிறியதாக ஒரு ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தை நடத்திவருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி. அதை எங்களிடம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்ததும், மரியாதையாக இருக்கட்டுமே என்று பலரும் முதலில் செய்வது பதக்கங்களைத் தேய்த்து மினுக்குவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். அந்த ஒரு வரி போதும், பழைய பதிவேடுகளில் அவரைத் தேடத் தொடங்கிவிடலாம். பாலிஷ் போடப் போட அந்த எழுத்துதான் தேய்கிறது. கறுத்துப்போன வெள்ளி எங்களுக்கு ஒரு குறையே இல்லை.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் வேறு கதை. இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமலே கொடுத்தார்கள். பெயரில்லாத பதக்கம் யாருடையது என்று அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது வெறும் உலோகம். ஆகவே, பொருளோடு ஒரு தாளும் வையுங்கள்: யாருடையது, உங்களுக்கு என்ன உறவு, எப்படிக் கைக்கு வந்தது. உறுதியாகத் தெரியாததை "அம்மா சொல்லிக் கேட்டது" என்றே எழுதுங்கள். அதுவும் எங்களுக்கு வேண்டும்.

கடிதங்களையும் சம்பளப் புத்தகத்தையும் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாளையும் தலைக்கவசத்தையும் எல்லாரும் பத்திரப்படுத்துகிறார்கள். காகிதம்தான் அடுப்புக்குப் போகிறது. பிரிட்டிஷ் படைவீரர் கையில் வைத்திருந்த சம்பளப் புத்தகத்தில் உயில் எழுதுவதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. போர்முனைக்குப் போகிற ஒரு பையன், தன்னிடம் இருப்பதெல்லாம் அம்மாவுக்கு என்று இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான். ஒரு பீரங்கி சொல்லாததை அந்தப் பக்கம் சொல்லும்.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுதுவதானால் பென்சிலால், அழுத்தாமல். கம்பளிச் சீருடையைத் துவைக்காதீர்கள். அதிலிருக்கும் கறைகூடச் சில சமயம் வரலாறுதான். பூச்சி அரித்த தடயம் தெரிந்தால் தனிப் பையில் கட்டி, எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு பூச்சி உள்ளே நுழைந்தால் எங்கள் அலமாரி மொத்தமும் போய்விடும்.

அப்புறம், ஆபத்தான விஷயங்கள். குண்டு, எறிகுண்டு, தோட்டா போல எது இருந்தாலும் தொடாமல் விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஷோகேஸில் இருந்திருந்தாலும் சரி, எங்களிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பழைய நச்சுவாயு முகமூடியை விளையாட்டுக்குக்கூட யாரும் முகத்தில் மாட்டக் கூடாது; பலவற்றின் வடிகட்டியில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கிறது. இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய கைக்கடிகாரம், திசைகாட்டி எதையும் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு இருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும்.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான பேச்சு. "உங்களிடம் இருக்கட்டும், பொருள் எங்களுடையதுதான்" என்று வாய்வார்த்தையாகக் கொடுக்கிறீர்கள். கொடுத்தவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு விவரம் தெரிவதில்லை, எங்களிடமும் காகிதம் இருப்பதில்லை. நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் எப்போதும் காட்சியில் வைப்போம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இடம் குறைவு. அதோடு, பழைய துணியின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; 50 என்றால் மங்கலான வெளிச்சம்தான்) மேல் வெளிச்சம் படவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். அப்படியும் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுத்தால்தான் சாயம் நிற்கும். தாத்தாவின் சட்டை கண்ணாடிப் பெட்டியில் இல்லாத நாளில் நீங்கள் வந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், உள்ளறைக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
அருங்காட்சியகப் பொறுப்பாளர்