வயிற்றுக்குத்து எல்லாம் வாய்வு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வயிற்றுக்குத்துக்குக் கைவைத்தியம் வந்திருந்தது. ஓமத்தண்ணீர், இஞ்சி, உள்ளி எல்லாம் சரி. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குத் திடீரென்று குத்தினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லையே.

போன காலபோகத்தில் எங்கள் ஊர் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளைக்கு அடிவயிற்றில் குத்து. தாய் ஓமத்தண்ணீர் கொடுத்தார். பாமசியில் கஸ்ட்ரிக் குளிசை வாங்கினார்கள். பின்னேரம் தோள்மூட்டும் நோகுது என்றாள். நோவெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். வயிற்றுக்குள் கசியும் இரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் நோ தோளில் தெரியும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தார்கள்.

கரு கருப்பைக்குள் இல்லை. கருக்குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்து நுழையும் மூலையில் தங்கி, வெடித்திருந்தது. இடம் மாறித் தங்கும் கருக்களில் 100க்கு 90க்கும் மேல் குழாயின் மற்றப் பகுதிகளில்தான். இந்த மூலையில் 2 முதல் 4 வரை. அங்கே தசை இழுபட்டுக் கொடுப்பதால் சிலவேளை மூன்றாம் மாதம் வரைகூட அறிகுறி காட்டாது. வெடித்தால் இரத்தம் கொட்டும். சத்திரசிகிச்சை செய்து, பைந்த் பைந்தாக இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள்.

அவள் கர்ப்பம் தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் லூப் போட்டிருந்தவள். அதனால் கர்ப்பம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. லூப்பையும் மீறித் தங்கும் கரு இடம் மாறித் தங்கும் வாய்ப்புத்தான் கூட. இடையில் கொஞ்சம் இரத்தம் பட்டதை மாதவிடாய் என்றே எண்ணியிருக்கிறாள்.

துணுக்காய்ப் பக்கத்துக் குளத்தடி ஊர்களிலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்ச் சேருவதே பெரும்பாடு. கிராமத்து வைத்தியசாலையில் ஸ்கான் இல்லாவிட்டாலும் கர்ப்பமா என்று சலப் பரிசோதனை செய்யலாமே, சில நிமிட வேலைதானே. அதோடு, மாதவிடாய் எப்போது வந்தது என்று மாமியாரை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். கலியாணம் கட்டாத பிள்ளை என்றால் நம் ஆட்கள் அந்தக் கேள்வியையே விழுங்கிவிடுகிறார்கள். அவளுக்கும் அதே உடம்புதான்.

அடுத்த முறை கைவைத்தியம் போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டி போடுங்கள்: மாதவிடாய் தள்ளிப்போன அல்லது குழம்பிய பெண்ணுக்கு அடிவயிற்றுக் குத்தோடு தலைசுற்று, மயக்கம், தோள் நோ வந்தால் வீட்டில் எதுவும் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
துணுக்காய்.