தை பிறப்பதற்குள் இன்னும் 60,500 ரூபாய்: ஆமைப் பொரிப்பகத்துக்காக ஊராரிடம் ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பாடுபடும் நம் பிள்ளைகளுக்கும் பொரிப்பகக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பொங்கல் கழிந்த கையோடு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிடக் கரையேறத் தொடங்கிவிடும். அந்த முட்டைகளை எடுத்துவந்து பாதுகாப்பாகப் புதைத்துக் குஞ்சு பொரிக்க விடும் இடம்தான் நம் பொரிப்பகம். அதற்குள் வேலி நட்டு, நிழல்வலை கட்டி முடித்தாக வேண்டும். தேவை 1,02,000 ரூபாய். கையில் இருப்பது 41,500. மீதிக்கு வழி தெரியாமல்தான் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

போன வருஷம் நடந்தது பலருக்குத் தெரியாது. சித்திரைக் காற்றில் நிழல்வலை கிழிந்து பறந்தது. வேறு வலை வாங்கக் காசில்லை. சாக்கையும் பழைய வேட்டியையும் போட்டு மறைத்துப் பார்த்தோம். பங்குனியில் புதைத்த 5 குழிகளில் வெப்பமானி 36 டிகிரியைத் தாண்டி நின்றது. வைகாசியில், 58ஆம் நாள், இனிக் காத்திருந்து பயனில்லை என்று தோண்டினோம். முழு உருவம் வந்த குஞ்சுகள். துடுப்பு மடிந்து, முட்டையைக் கிழிக்கும் சின்ன முள் மூக்கு நுனியில் இருந்தபடியே, ஓட்டுக்குள் வெந்து கிடந்தன. 5 குழியிலும் சேர்த்து 540 முட்டை. தோண்டிய பையன் கையைக் கழுவக்கூடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் புது வலைக்கு 14,400 ரூபாய் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கோழி முட்டைக்குச் செய்வதுபோல் தெர்மகோல் பெட்டியில் பல்பு போட்டுப் பொரிக்க வைத்தால் என்ன என்று சில தம்பிகள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். அமெரிக்காவில் டெக்சாஸ் கரையோரம் உள்ள பாட்ரே தீவில் ஒருவகைக் கடலாமையின் முட்டைகளை மணல் போட்ட நுரைப்பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அதற்குக் கரண்டு போகாத அறையும், பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். அப்புறம், கோழி முட்டையைத் திருப்பி வைக்காவிட்டால் கெடும். ஆமை முட்டையைத் திருப்பினால் கெடும். இட்ட சில மணி நேரத்துக்குள், மேல்பக்கம் மாறாமல், ஆட்டாமல் கொண்டுவந்து புதைக்க வேண்டும். குழியும் தாய் தோண்டுவதுபோலவே வாய் குறுகி வயிறு அகன்று, ஒன்றரை அடி ஆழம் இருக்க வேண்டும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலும் பெண், குறைந்தால் ஆண். 35ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் எதுவும் மிஞ்சாது. ஆகவே நமக்கு மணல்தான் பெட்டி. அதன் சூட்டை அடக்க நிழல்வலைதான் வழி.

செலவுக் கணக்கு இது. சவுக்குக் கம்பு 60, ஒன்று 150 வீதம் 9,000. நிழல்வலை 14,400. வெப்பமானி 4, விலை 3,200. இரவில் முட்டை தேடிக் கரையில் நடப்பவர்களுக்குச் சிவப்பு டார்ச்சும் பேட்டரியும் 6,500. கூடை, அறிவிப்புப் பலகை 4,900. இரவுக் காவலுக்கு 2 பேர், மாதம் 8,000 வீதம் 4 மாதம், 64,000. காவல் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு ராத்திரி வந்து நாய்களைப் பாருங்கள். வனத்துறை அனுமதி, மேற்பார்வை, பயிற்சி எல்லாம் தருகிறது. கம்பும் காவலும் நம் பொறுப்பு.

இந்த ஊருக்கு ஆமை புதிதல்ல. முட்டையை எடுத்துத் தின்ற காலமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது, முட்டையில் கை வைப்பதே குற்றம். ஆனாலும் நம் ஊரில் அதை நிறுத்தியது சட்டம் அல்ல, நம் பெரியவர்கள். 2004 சுனாமி முடிந்து இரண்டே மாதம். படகு இல்லை, வலை இல்லை, கடலைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்த நேரம். மாசியில் ஒரு ராத்திரி, உடைந்த பலகைகளுக்கு நடுவே ஒரு ஆமை ஏறி வந்து குழி தோண்டியது. கண்ணில் நீர் வழிய அது முட்டையிட்டதைப் பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கடலம்மா நம் கரையை இன்னும் நம்புகிறாள் என்று அன்றைக்கு ஊர்த் தலைவரான நாட்டார் சொன்னார். மறுநாளே கோயில் முன்னால் கூடி, முட்டை எடுத்தால் 500 ரூபாய் அபராதம் என்று முடிவானது. அதற்குப் பிறகு ஒருவர்கூட அபராதம் கட்டியதில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரெல்லாம் சொல்லட்டும். மந்தர மலையை முதுகில் தாங்கிய கூர்மம் ஏறி வரும் கரை இது.

இதுவரை தாங்கியவர்களை மறக்க முடியுமா? முதல் வருஷத்து வேலிக்குத் தங்கள் பழைய வலையையெல்லாம் அவிழ்த்துத் தந்த கட்டுமரக்காரர்கள். கூடைக் காசிலிருந்து வாரம் பத்து ரூபாய் ஒதுக்கி 11,000 சேர்த்துத் தந்த மீன் விற்கும் தாய்மார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி ஒவ்வொரு தையிலும் 5,001 அனுப்பும் வளைகுடாத் தம்பி. உண்டியலை உடைத்து 1,340 ரூபாய் சில்லறையாகக் கொட்டிய பள்ளிப் பிள்ளைகள். ராத்திரி முழுக்கக் கரையில் நடந்தவர்களுக்கு நாலு வருஷமாகக் காசு வாங்காமல் தேநீர் கொடுக்கும் கடைக்காரர். உங்கள் பிள்ளை குட்டிகளைக் கடலம்மா நன்றாக வைத்திருப்பாள்.

இனிச் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் 23 விசைப்படகு இருக்கிறது. இந்த வருஷம் கொடுத்தது 9 படகு. ஆடித் திருவிழாவில் ஒரே ராத்திரி மேளத்துக்கும் சீரியல் விளக்குக்கும் லட்சத்துக்கு மேல் செலவழித்தோம். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். வலையில் மாட்டி மூச்சுவிட மேலே வர முடியாமல் போனவை அதில் ஏராளம். வலை போடுகிறவர்கள் நாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது. ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்றோ இரண்டோதான் பெரிதாகும் என்கிறார்கள். அந்த ஒன்று பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, பிறந்த கரைப்பக்கமே தேடி வரும். அப்போது நம் பிள்ளைகள் இங்கே நிற்பார்கள்.

எல்லையம்மன் கோயில் மண்டபத்தில் தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை பொருளாளர் இருப்பார். 101 கொடுத்தாலும் ரசீது உண்டு, கணக்குப் பலகையில் பெயர் ஏறும். பணம் முடியாதவர்கள் ஒரு ராத்திரிக் காவலுக்கு வாருங்கள். கரையோர வீட்டுக்காரர்கள் இரவு 9 மணிக்கு மேல் கடல் பக்க விளக்கை அணைத்துவிட்டால் அதுவும் பெரிய கொடைதான். வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்விடுகின்றன.

மார்கழி கடைசி ஞாயிறு காலை 6 மணிக்குக் கம்பு நடுகிறோம். பணம் அதற்குள் வந்து சேர வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பொரிப்பகக் குழு