பாதியில் கிடந்த பதினொரு பிளவுஸ்

என்னைத் தாங்கிய எல்லோருக்கும்,

தை மாதக் கடைசியில் கடையைப் பூட்டிக்கொண்டு இதயச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது மேசையில் பதினொரு பிளவுஸ் பாதியில் கிடந்தன. அதில் ஒன்று மாசியில் கலியாணம் வைத்திருந்த பிள்ளையின் கூறைச் சாறிக்கு உரியது. நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்ற பயத்தைவிட, அதற்குக் கை பொருத்தவில்லையே என்ற கவலைதான் பஸ்ஸில் விடிய விடிய என்னோடு வந்தது. சிரிக்காதையுங்கோ.

பதினொன்றையும் தைத்து முடித்தவ, நெல்லியடியில் எனக்கு எதிரே கடை வைத்திருக்கிற அக்கா. பத்து வருசமாக நாங்கள் போட்டிக்காரர். கூலிக் காசை அப்படியே கவரில் போட்டு அம்மாவின் கையில் குடுத்துவிட்டுப் போயிருக்கிறா. அக்கா, அந்தக் கூறைப் பிளவுஸின் கைவெட்டு என்னுடையதைவிடத் திறம். எழுத்திலேயே தந்துவிட்டேன், இனி மறுக்க ஏலாது.

நான் 1987இல் நீலம் பாரித்துப் பிறந்த பிள்ளை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியில் ஒடுக்கம், ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கிற பெருநாடி, தடித்துப்போன வலது கீழறை. நாலும் சேர்ந்த இந்த வருத்தத்துக்கு, 1888இல் அதை விளக்கி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஃபலோவின் பெயர். மூச்சு முட்டினால் நின்ற இடத்திலேயே குந்திவிடுவேனாம். ஒருவரும் சொல்லித் தரவில்லை. குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போகும் என்பது பின்னர் டொக்டர் சொல்லித் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் பஞ்சி; அதற்காக அடியும் வாங்கினேன். போகட்டும்.

1993இல் எனக்கு ஆறு வயது. சண்டைக் காலம். கொழும்புக்குப் போக இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், பாஸ் வேணும், பாஸுக்குப் பிணை வேணும். பிணை நின்றவர் ஒழுங்கை முடக்கில் இருந்த மாஸ்டர். அவர் இப்போது இல்லை. பிள்ளைகள் இதை வாசித்தால், உங்கள் அப்பாவை எங்கள் வீட்டில் இன்னும் பேசுகிறோம் என்று அறியுங்கள். தரைவழி பூட்டு, கிளாலிக் கடலேரியை இரவில் தோணியில்தான் கடக்க வேணும். கடற்படை கண்டால் சுடும் என்று பீடிகூட ஒருவரும் பற்றவைக்கவில்லை. தோணிக்குள் கால் நீட்ட இடமில்லை, எனக்கு உதடு கறுக்கத் தொடங்கியது. "குந்த விட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்" என்று அம்மா அழ, தோணிக்காரர் ஒரு சைக்கிளைத் தூக்கி முன்னால் இருந்தவரின் மடியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் என்னைக் குந்த வைத்தார். தோணிக்காரரின் முகமும் தெரியாது, அக்கரை மட்டும் சைக்கிளை மடியில் சுமந்தவரின் பெயரும் தெரியாது. முப்பது வருசத்துக்கு மேலாகக் கடன்.

கொழும்பில் ஓட்டையை அடைத்து ஒடுக்கத்தை அகட்டினார்கள். சுகம் வந்துவிட்டது என்று நம்பி 2005இற்குப் பிறகு நான் கிளினிக் பக்கமே போகவில்லை. இந்தப் பிழை முழுக்க என்னுடையது. ஒடுக்கத்தை அகட்டும்போது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் விடுகிற வால்வு பலருக்கு ஒழுகத் தொடங்கும். வருசக் கணக்கில் வலது கீழறை பெருக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கழுத்து மூடிய சட்டைகளாகத் தைத்துப் போட்டுத் தழும்பை மறைத்துத் திரிந்த என்னிடம், பல் பிடுங்கப் போன இடத்தில்தான் டொக்டர் கேட்டார்: "நெஞ்சில் ஏதும் ஒப்பரேசன் செய்ததோ?" ஓம் என்றதும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். முதலில் அன்டிபயோடிக் என்றார். அதோடு யாழ் பெரியாஸ்பத்திரி இருதய கிளினிக்குக்கு ஒரு கடிதமும் தந்தார். டொக்டர், அந்தப் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. வாறேன்.

சத்திரசிகிச்சையில் பழைய தழும்பு வழியாகவே திறந்து புது வால்வு வைத்தார்கள். மாட்டின் இதயத்தை மூடியிருக்கிற சவ்வில் செய்ததாம். அம்மா சைவம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பால் தந்த சாதிதானே" என்றா. பத்துப் பதினைந்து வருசத்தில் அதையும் மாற்ற வேண்டி வரலாம்.

இருமச் சொல்லித் தந்த சிங்களத் தாதி மிஸ்ஸிக்குத் தனியாக ஒரு நன்றி. துவாயை உருட்டி நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும், இல்லாவிட்டால் கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு அசையும். என் கைக்கு மேல் தன் கையை வைத்து, தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில் "இருமு, பயமில்லை" என்று நாலு நாள் நின்றா. சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு தையல்காரியின் வணக்கம்: வெளியில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை, ஐயா. இரத்தம் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பையில் இலக்கம்தான் இருந்தது, பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் தூக்கக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது என்றார்கள். தண்ணி மோட்டரும் அந்தக் கிழமைதான் பழுதாகிப் போனது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஏஎல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. காலமை ஐந்தரைக்கே வந்து ஆறு வாளி நிரப்பிவிட்டுத்தான் டியூசனுக்குப் போவாள். தங்கச்சி, சோதனை முடிய உன் முதல் சாறிக்கு பிளவுஸ் நான்தான். கூலி பேசக்கூடாது.

ஆனி முதலாம் திகதி கடை திறக்கிறேன். முதல் ஒரு மாதம் அரை நாள்தான்; கால்மிதி மெசினைத் தொடாமல் மோட்டர் மெசினில் மட்டும் தைப்பேன். அவசர வேலை இருந்தால் எதிர்க் கடை அக்காவிடம் குடுங்கோ.

நெல்லியடித் தையல் கடைக்காரி