உருகிப்போன இடப்பக்க இறக்கை

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய தேவதைப் பொம்மைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் பிரமாதம். அந்த இமைத் தையலை என்னால்கூட அவ்வளவு சீராகப் போட முடியாது. இறக்கைதான், மழையில் நனைந்த காக்கை மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறது. "பசை போதவில்லையா அம்மா, வேறு வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். பசையைத் திட்டாதே, பாவம். நீ இறக்கையைக் கவுனில் ஒட்டியிருக்கிறாய். கவுனுக்கு எலும்பு ஏது? என்ன பசை போட்டாலும் துணியும் சேர்ந்து சரியத்தான் செய்யும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று நாள் மினுமினுப்பிலேயே போகும், கடைசிப் பத்து நிமிஷத்தில் முதுகில் ஒட்டிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது முதுகைத் தைக்கும்போதே இறக்கைக்கு இடம் வைத்துவிடுகிறேன். உன் பொம்மை முடிந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை. கவுனைக் கழற்றிவிட்டு முதுகுத் தையலை ஒரு நாலு சென்டிமீட்டர் பிரி. தோள்களுக்கு நடுவே, உள்பக்கமாகக் கெட்டியான ஃபெல்ட் துண்டு ஒன்றை வைத்துத் தை. அதன் மேலே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு, பொத்தான் ஓட்டைக்குப் போடுவோமே, அந்தக் காஜாத் தையலைச் சுற்றிலும் போட்டுவிடு. இறக்கைக் கம்பியின் வால் அந்தத் துளை வழியாக உள்ளே போகட்டும். உள்ளே போனதும் இரண்டு வாலையும் முறுக்கி, முதுகெலும்பு மாதிரி கீழ்நோக்கி வளைத்துவிட்டுப் பஞ்சை நன்றாகத் திணி. பஞ்சு இறுக்கமாக இருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். கம்பி முனையைச் சுருட்டி மடக்க மறந்துவிடாதே, என்றைக்காவது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கவுனிலும் அதே இடத்தில் இரண்டு ஓட்டை வேண்டும்.

வால் என்றால் எவ்வளவு நீளம் என்று அடுத்து கேட்பாய். முப்பது சென்டிமீட்டர் பொம்மைக்கு நான் எட்டு சென்டிமீட்டர் விடுவேன். வெட்டுவது சுலபம், ஒட்டுப்போடுவது நடக்காது. முன் ஓரத்துக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி, நரம்புக்கு 0.4. கேஜ் எண் பார்த்து வாங்குகிறாய் என்றால் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், தலைகீழாக நினைத்துக்கொண்டு வாங்கிவிடாதே.

சின்ன வயதில் தட்டான் பிடித்திருக்கிறாயே, அதன் இறக்கையை ஒருமுறை உற்றுப் பார். முன்பக்க விளிம்பில் நரம்பு தடியாக இருக்கும். பின்னால் போகப்போக வலை மாதிரி மெலிந்துவிடும். நாம் இறக்கையைச் சுற்றிலும் ஒரே கம்பியைப் போட்டுவிட்டு அது விசிறி மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்படுகிறோம். முன்விளிம்புக்கு மட்டும் தடித்த கம்பி போடு, பின்விளிம்புக்கு மெல்லியதே போதும். எடை தன்னால் குறைந்துவிடும், தொங்காது. இன்னொன்று, ஒவ்வொரு இறக்கையின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால், விளிம்பை ஒட்டி, ஒரு சின்னக் கரும்புள்ளி தெரியும். அழகுக்கு வைத்த பொட்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றியுள்ள இடத்தைவிட அது கனம். மிதந்து போகும்போது இறக்கை படபடவென்று அதிராமல் அந்தக் கனம்தான் அடக்குகிறதாம். நம் பொம்மை பறக்கப் போவதில்லை. இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிறு கறுப்பு மணியைக் கோத்துப் பார். பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் நிஜ இறக்கை மாதிரி இருக்கிறது என்பார்கள்.

அப்புறம் வானவில் ஃபிலிம். "கடையில் நீலமும் பச்சையுமாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் வெறும் கண்ணாடித் தாள்" என்று எழுதியிருந்தாயே, உன்னை யாரும் ஏமாற்றவில்லை. அதில் சாயமே கிடையாது. மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம் அது. சோப்புக் குமிழியிலும் இதேதான் நடக்கிறது. பின்னால் இருட்டாக இருந்தால் நிறம் பளிச்சென்று எழும்பும், வெள்ளையாக இருந்தால் கரைந்துவிடும். நீ போட்டிருப்பது வெள்ளைக் கவுன்! அடர்நீலமோ கரும்பச்சையோ தைத்துப் போடு, இல்லாவிட்டால் கூந்தலையாவது கறுப்பாக்கி முதுகில் விரித்துவிடு. அதே ஃபிலிம்தான், வேறு பொம்மை மாதிரி ஆகிவிடும்.

ஒட்டுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. கம்பியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஃபிலிம், தெளிப்புப் பசை மெல்லிசாக, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கம்பியின் ஓரத்தை மட்டும் நகத்தால் நீவிவிடு, காற்று அங்கேதான் ஒளிந்திருக்கும். கம்பியை ஒட்டி வெட்டாதே, இரண்டு மில்லிமீட்டர் விடு. இஸ்திரிப் பெட்டியில் ஒற்றைப் புள்ளிக்கு மேல் போகாதே. ஒற்றைப் புள்ளி என்பது ஏறக்குறைய 110 டிகிரி. மேலும் கீழும் பேக்கிங் தாள் வைத்து ஒற்றி எடு, தேய்க்காதே. சில ஃபிலிம் சூட்டில் லேசாகச் சுருங்கி, நாம் போடாத நரம்பெல்லாம் தானாக விழும். அது ரொம்ப அழகு. சிலது ஒரேயடியாகச் சுருண்டுவிடும். அதனால் முதலில் வெட்டிப்போட்ட துண்டில் பார்த்துக்கொள்.

இஸ்திரிப் பெட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கு ஆறு வயதில் ஒரு தேவதைப் பொம்மை இருந்ததே, வெள்ளை நைலான் இறக்கையோடு. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் இடப்பக்க இறக்கை காணோம். ஈசல் மாதிரி உதிர்த்துவிட்டாள், இனி அவளுக்கு இங்கேயே வீடு என்று சொன்னேன். நீயும் நம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் சொன்னாய். ஈசல் இறக்கையை உதிர்ப்பது நிஜம்தான். பறந்து முடித்துத் தரையில் இறங்கியதும் அடியில் இருக்கும் கோட்டோடு ஒடித்துப் போட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். ஆனால் உன் பொம்மை எதையும் உதிர்க்கவில்லை. கசங்கியிருக்கிறதே என்று ராத்திரி நான்தான் இஸ்திரி போட்டேன், அப்பா வேட்டிக்கு வைத்திருந்த சூட்டிலேயே. மூன்று புள்ளி. வைத்த மாத்திரத்தில் ஒரு நெடி, இறக்கையில் பாதி பெட்டியோடு வந்துவிட்டது. விடியும்வரை உட்கார்ந்து பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். காலையில் உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் ஈசல்தான் வந்தது.

இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் 1917-ல் இரண்டு பெண்பிள்ளைகள் தேவதைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்சிக்கு 16 வயது, பிரான்சிஸுக்கு 9. ஆர்தர் கானன் டாயில் அளவுக்குப் பெரிய எழுத்தாளரே அதை நம்பி 1920-ல் பத்திரிகையில் எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியது என்று அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டது 1983-ல், இருவரும் கிழவிகளான பிறகு. அவர்களுக்கு 66 வருஷம் ஆயிற்று. நான் 28 வருஷத்திலேயே சொல்லிவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்.

குட்டிக்கும் இதே மாதிரி ஒன்று செய்யப் போகிறேன் என்றாயே, அதை மட்டும் செய்யாதே. இரண்டு வயதுப் பிள்ளை பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும், கடிக்கும், காலைப் பிடித்துச் சுற்றும். அவளுக்குக் கம்பி கிடையாது, மணி கிடையாது, மினுக்குப் பொடி கிடையாது. கழற்றி மாட்டக் காந்தம் வைக்கலாமா என்ற யோசனையும் வேண்டவே வேண்டாம். சின்னக் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பருத்தித் துணி இரண்டு மடிப்பு, நடுவே மெல்லிய பஞ்சு, நரம்பெல்லாம் ஓட்டுத் தையல். வேர்ப்பக்கத்தை முதுகுத் தையலுக்குள்ளேயே செருகி இரண்டு முறை தைத்துவிடு. தொங்கினால் தொங்கட்டும், அவள் பசை மாற்றச் சொல்லிக் கடிதம் போடப்போவதில்லை.

இறக்கையின் மாதிரித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடித்த கோடுதான் பொம்மையின் முதுகெலும்பு. ஒரு பக்கம் கம்பி வளைத்து முடித்ததும் தாளைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வளை. திருப்பாமல் நான் இதுவரை ஐந்து முறை இரண்டு இடப்பக்க இறக்கை செய்திருக்கிறேன்.

உறையின் அடியில் டிஷ்யூவில் சுற்றி இருப்பது அந்த நைலானில் மிச்சம். கறுப்பாக இருக்கிற ஓரம் கூர்மை, விரலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா