உப்புக் காற்றுக்கு ஃபயர்வால் கிடையாது

பாம்பன்
மார்கழி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "அதை விடும்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். இங்கே புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அப்பா கடலுக்குப் போகவில்லை, நான் நடத்தும் இ-சேவை மையத்துக்கும் ஆள் வரத்து இல்லை. மழைக்கு முன்னால் எடுத்து வைத்த கருவாட்டுக் கூடைக்குக் காவல் இருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நீ லிங்க் அனுப்பிய ஃபயர்வால் பெட்டியைப் பார்த்தேன், நெட்டிலிருந்து வேண்டாதது உள்ளே வராமல் தடுக்கும் பெட்டி. 26,000 ரூபாய். கம்ப்யூட்டர் இப்படி அடிக்கடி படுத்தால் வெளியிலிருந்து யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்றும், பணம் நீயே போடுவதாகவும் சொன்னாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் சரியாகி இன்றோடு பத்தொன்பது நாள். அதற்கு ஆன செலவு ஒரு ரப்பர், ஒரு யுபிஎஸ் பேட்டரி, எர்த் குழிக்கு ஆள் கூலி. அவ்வளவுதான்.

உனக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான். 2003 ஆகஸ்ட் மாதம் கேணிக்கரையில் நம் பிரவுசிங் சென்டர் இருந்ததே, நாலு கம்ப்யூட்டர், உனக்கு மூன்று வயது. நெட் கனெக்ட் ஆன கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், இன்னும் 60 விநாடியில் ரீஸ்டார்ட் ஆகப்போகிறேன் என்று எண்ண ஆரம்பிக்கும். உனக்கு அறுபதிலிருந்து எண்ணத் தெரியாது. பத்து வந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, அதோடு சேர்ந்து நீயும் ஒன்பது, எட்டு, ஏழு என்று கத்துவாய். மெயில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் பிளாஸ்டர் என்ற வார்ம், நெட் வழியாகத் தானே பரவும் வைரஸ் மாதிரி. அது நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதாவது பேட்ச், ஜூலை 16-ஆம் தேதியே வந்துவிட்டது. வார்ம் கிளம்பியது ஆகஸ்ட் 11-ல். நடுவில் இருந்த நாட்களில் நாங்கள் யாரும் பேட்ச் போடவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பிக்குள் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்து வைத்த நிலையில் வரும். அதற்கு டிக் போட்ட பிறகுதான் பேட்சை இறக்கும் அளவுக்கு நெட் நின்றது. மறுவருஷம் ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் அதைத் தானாகவே போட்டு வைக்க ஆரம்பித்தது.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் படுத்ததற்கு மருந்து ஃபயர்வால்தான். நான் அந்தக் கதையை உன்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதனால் உனக்கு இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த நாலு கம்ப்யூட்டரும் டயல்-அப் மோடம் வழியாக நேராக இன்டர்நெட்டில் நின்றன, நடுவில் எதுவும் இல்லை. இப்போது நடுவில் ரூட்டர் நிற்கிறது. உள்ளேயிருந்து கேட்காமல் வெளியிலிருந்து வருவதை அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தள்ளிவிடாது. அதற்குப் பின்னால் விண்டோஸின் ஃபயர்வால் வேறு.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஆரம்பித்தது. வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பேன், ஆச்சி ஒருவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்வார், நாலாவது எண்ணில் விண்டோஸ் படுத்து நீலத் திரை வந்துவிடும். திரும்ப வருவதற்குள் ஓடிபி செத்துப்போயிருக்கும். ஒருநாள் பொறுத்தார்கள், இரண்டு நாள் பொறுத்தார்கள், அப்புறம் தங்கச்சிமடத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

சர்வீஸ் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். மூடியைக்கூடக் கழற்றாமல் "வைரஸ் அக்கா" என்றான். ஃபார்மேட் அடித்தான், 800 ரூபாய் வாங்கினான், போகும்போது ஏதோ ஒரு இலவச ஆன்டிவைரஸ் பேக்கையும் போட்டுவிட்டுப் போனான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டதாம், அதனால்தான் படுக்கிறதாம். சப்போர்ட் முடிந்தது உண்மை. ஆனால் அந்தத் தேதி வந்ததற்காக எந்தக் கம்ப்யூட்டரும் படுக்காது. இனி ஓட்டையை அடைக்கும் பேட்ச் முன்போலத் தானாக வராது, அது வேறு கவலை.

அவன் போன பிறகு இன்னும் மோசமானது. முன்பு நாளுக்கு ஒரு தடவை விழுந்தது, இப்போது மூன்று. விண்டோஸுக்குள் ஏற்கெனவே ஒரு காவல்காரன் இருக்கிறான். இவன் இன்னொருவனைக் கொண்டுவந்து விட்டால், சாதாரணமாகப் பழையவன் ஒதுங்கிக்கொள்வான். ஆனால் புதிதாக வந்தவன் விண்டோஸின் அடிமையமான கெர்னலுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபைலையும் நெட்டில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நான்தான் முதலில் பார்ப்பேன் என்று நின்று சொதப்பினால் என்ன ஆகும்? அந்த ஆழத்தில் ஒரு தப்பு நடந்தால் முழு இயந்திரமும் நீலத் திரையில்தான் போய் நிற்கும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்து, விமானமெல்லாம் நின்றதே, நீயும் பெங்களூர் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டாயே, அது இதே வகைதான். அந்த பேக்கை எடுத்தேன். மூன்று மறுபடி ஒன்றானது. அந்த ஒன்றுதான் அசல் நோய்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் என்ன எழுத்து வந்தது. எழுத்தைப் படிக்க விடாமல் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்றால் சிஸ்டம் அமைப்பில் 'தானாக ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும், அப்போது திரை அப்படியே நிற்கும். நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் போய்ப் பார்த்தால் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து பவர் சப்ளையை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அது கரை ஒதுங்கிய பலகை மாதிரி. படகு கவிழ்ந்தது என்று மட்டும் சொல்லும், ஏன் கவிழ்ந்தது என்று சொல்லாது. ஆனால் அதற்குள் விவரத்தில் 'பக்செக் கோடு' என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் நீலத் திரை வராமலே கரண்ட் போனதுபோலப் பட்டென்று நின்றிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத் திரை.

பதினான்கு தடவை குறித்திருந்தேன். இரண்டு தடவை பூஜ்யம். இரண்டுமே சாயங்காலம், பக்கத்து ஐஸ் கம்பெனியில் மோட்டார் போடும் நேரம். யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், மூச்சு விடாமல் அணைந்தது. பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் வைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பார்த்தால் 11 வோல்ட். இரண்டு மூன்றைத் தாண்டக் கூடாது. எர்த் குழியை மறுபடி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். இந்த ஊரில் உப்பு நமக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

மீதிப் பன்னிரண்டும் காலையில், பத்தரை மணிக்குள். மதியம் ஒன்றுகூட இல்லை. சூட்டினால் படுக்கிறது என்றால் மதியம்தானே படுக்க வேண்டும்? இங்கே தலைகீழாக இருந்தது. தவிர நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து. ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். நாளுக்கு ஒரு புகார் சொன்னால் ரேமை, அதாவது மெமரி அட்டையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கை மதியம் ஓட்டினேன், பழுதில்லை என்றது. மறுநாள் விடிந்ததும் வீட்டு வேலையை விட்டுவிட்டு ஏழு மணிக்கு ஓட்டினேன். பழுது என்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "அதுக்கும் பனி ஒத்துக்கல போல" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டையும் இறக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே தூசி உலர்ந்த தூசியாக இல்லை, விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கரித்திருக்கும். பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எப்போதும் திறக்காதே. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே அடிக்கிற கரண்ட் இருக்கும்.) ரேமை இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளி எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பொன் நிறத்தில் வரிசையாக இருக்க வேண்டிய பற்களில் ஏழெட்டில் பச்சை. பூஜைச் செம்பைத் தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறுமே, அதேதான். மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, அடியில் செம்பு. பூச்சில் ஊசிமுனை அளவு இடம் கிடைத்தால் உப்பு உள்ளே போய்விடும்.

காலைக் கணக்கும் அப்போதுதான் பிடிபட்டது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும், சமையலறையில் உப்பு ஜாடி அழுகிறதே அப்படி. ராத்திரி முழுக்க அணைந்து குளிர்ந்து கிடக்கும் கம்ப்யூட்டரில் அந்த உப்புத் தூசி நனைந்து கிடக்கும். காலையில் போட்டதும் படுக்கும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் காய்ந்து, ஒன்றும் தெரியாததுபோல் வேலை செய்யும். சாயங்காலம் வரும் சர்வீஸ் பையனுக்கு எப்படித் தெரியும்?

உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை அழுத்தாமல், ஒரே பக்கமாகத் தேய்த்தேன். துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். இப்போது ராத்திரியில் மேலே துணி போர்த்துகிறேன், காலையில் போட்டதும் எடுத்துவிடுகிறேன். சன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தியாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்று எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அதற்குக் கூப்பிடு தூரத்தில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டர் நடத்தியிருக்கிறேன்!

அப்படியானால் ஃபயர்வாலே வேண்டாமா என்று கேட்பாய். நீ பயந்ததில் பாதி சரிதான், வேறு இடத்தில். நீ சொன்ன பிறகு ரூட்டரைத் திறந்து பார்த்தேன். சின்ன மாமா குவைத்திலிருந்து வலைக் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று கேமரா மாட்டினாரே, மாட்டியவன் ரூட்டரில் கேமராவுக்கு நேராக ஒரு போர்ட்டை, வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலை, திறந்துவிட்டுப் போயிருக்கிறான். கேமராவின் பாஸ்வேர்டு, பெட்டியில் அச்சடித்து வந்த அதே பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்ற வார்ம், கம்பெனியில் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து, அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் பாதி இணையத்தைத் திணறடித்தது. நம் வீட்டில் நாமே கதவைத் திறந்து போட்டுவிட்டு 26,000 ரூபாய்க்கு வாட்ச்மேன் வைத்தால், அவனும் அந்தக் கதவைத் திறந்துதான் வைப்பான், மாமா பார்க்க வேண்டுமே.

அந்த போர்ட்டை மூடினேன். பாஸ்வேர்டை மாற்றினேன், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும். நம்மைக் கேட்காமலே கருவிகளைக் கதவு திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி, வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழையும் ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் அணைத்தேன். கேமராவையும், வரிசையில் நின்று வைஃபை கேட்கிறவர்களையும் வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தொட முடியாத தனி கெஸ்ட் நெட்வொர்க்குக்கு அனுப்பிவிட்டேன். மாமா இரண்டு நாள் கோபமாக இருந்தார். இப்போது கேமரா ஆப் வழியாகப் பார்க்கிறார், முன்னைவிட மெதுவாக வருகிறதாம். வரட்டும்.

பழைய கம்ப்யூட்டரில் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஃபயர்வால் ஆக்கலாம் என்று தம்பி சொன்னான். நல்ல சாமான்தான், கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் செய்யட்டும். ஆனால் 50 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு பெரிய பங்கை அதற்கே கொடுக்க வேண்டும். தவிர அதுவும் இந்த உப்பில்தானே நிற்கப்போகிறது.

வாங்குவதாக இருந்தால் நல்ல ரூட்டர் ஒன்று வாங்கலாம். கம்பெனி இத்தனை வருஷம் அப்டேட் தருவோம் என்று எழுதிச் சொல்லியிருக்க வேண்டும், கெஸ்ட் நெட்வொர்க் உண்மையாகவே பிரிந்திருக்க வேண்டும், ஐபிவி6 என்ற புது இணைய முகவரி முறைக்கும் ஃபயர்வால் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. பழைய ஐபிவி4-ல் வீட்டுக்கே ஒரு முகவரி, உள்ளே இருப்பவை அதன் பின்னால் ஒளிந்திருக்கும். ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி. ரூட்டரில் அந்த ஃபயர்வால் அணைந்திருந்தால் உன் பிரிண்டர்கூடத் தெருவில் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவள் நீ, உன் வீட்டு ரூட்டரில் அதை ஒரு தடவை பார்த்துவிடு. லேப்டாப்பில் வைஃபையை 'பப்ளிக்' என்று வைத்துக்கொள், சொந்த வீடாக இருந்தாலும். அப்போது ஃபைல் பகிர்வு, பிரிண்டர் பகிர்வு எதுவும் தானாகத் திறந்துகொள்ளாது.

நீ தருவதாகச் சொன்ன பணம் உன்னிடமே இருக்கட்டும். விண்டோஸ் 11 ஏற்காத இந்தப் பழைய மதர்போர்டைப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மாற்ற வேண்டும், சாதிச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் கூட்டம் அப்போதுதான் வரும். அதற்கு அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது ஐசோப்ரொபைல் இரண்டு பாட்டில் வாங்கி வா, இங்கே மெடிக்கலில் கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா