பூ இல்லாத நாணயம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நீ தாத்தா ஆகிவிட்டாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. யார் முதலில் பேட் பிடிப்பது என்று பூவா தலையா போட்டுச் சண்டையிட்டது நேற்று மாதிரி இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த நாணயம்தானே! இரண்டு பக்கமும் தலை, பூவே இல்லை, உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. அது அநேகமாக மந்திர வித்தை காட்டுபவர்கள் வைத்திருக்கும் நாணயம். ஒரு நாணயத்தைக் கிண்ணம் மாதிரி உள்ளே கடைந்து, இன்னொன்றின் விளிம்பைச் சீவிச் சிறிதாக்கி அதற்குள் உட்கார்த்திவிடுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, விளிம்பின் உள்பக்கத்தை ஒரு சுற்று பார். மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். மேசையில் மெதுவாகத் தட்டினால் சாதாரண நாணயம் போலக் கணீரென்று ஒலிக்காது. உண்மையாகவே ஒரே பக்கம் இரண்டு முறை விழுந்த நாணயங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைய நாணயச்சாலைகள் பலவற்றில் தலையைப் பதிக்கும் அச்சும் பூவைப் பதிக்கும் அச்சும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாதபடியே செய்யப்படுகின்றன.

இதை இவ்வளவு தெம்பாகச் சொல்கிறேனே என்று பார்க்காதே. போன வருடம் நானும் ஐந்து நாணயங்களை எரர் காயின், அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்டவை, என்று நம்பி, பிழை நாணயங்களையே பல காலமாகப் பார்த்துவரும் ஒருவருக்கு அனுப்பி அசடு வழிந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நான் மிகவும் நம்பியிருந்தது, ஆண்டின் எண்கள் இரட்டையாகத் தெரிந்த நாணயம். அமெரிக்காவில் 1955-இல் வந்த இரட்டை அச்சு ஒரு சென்ட் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம். அதில் அச்சு தயாராகும்போதே உருவம் சற்றுத் திரும்பிய நிலையில் இரண்டாம் முறை பதிந்துவிட்டது. அதனால் அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் ஒரே மாதிரி இரட்டை. எழுத்துகள் தடித்து, முனைகள் பிளந்து, இரண்டும் உருண்டு திரண்டு நிற்கும். என்னுடையதில் இரண்டாவது எண் தட்டையாக, படிக்கட்டு மாதிரி, அசல் எண்ணையே அரித்துக்கொண்டு கிடந்தது. நாணயம் அடிபடும் நொடியில் தளர்ந்த அச்சு லேசாக நகர்ந்தால் அப்படி ஆகுமாம். நாணயச்சாலையில் நடந்ததுதான், ஆனால் சேகரிப்பவர்கள் அதற்கு மதிப்பே தருவதில்லை. அதைக் கேட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இரண்டாவதில் தலை பள்ளமாகவும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியும் இருந்தது. முன்பு அடித்த நாணயம் வெளியே போகாமல் அச்சில் ஒட்டிக்கொண்டு, இன்னும் உருவம் பதியாத அடுத்த உலோக வில்லையின் மேல் அதுவே அச்சாக விழுந்தால் இப்படி வரும். அது உண்மையில் அருமையான பிழை. என்னுடையது? யாரோ இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெரித்திருக்கிறார்கள்! பள்ளத் தலைக்கு அடியில் அந்தப் பக்கத்தின் சொந்த உருவம் நசுங்கிக் கிடந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. மூன்றாவது எடை குறைந்து மெலிந்த நாணயம். அமிலத்தில் ஊறியதாம், அவ்வளவுதான்.

நான்காவதில் முகத்தின் குறுக்கே ஒரு கோடு, மேடாக. கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். மேடாக இருந்தால் அச்சில் விரிசல், அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்திருக்கிறது. நிஜமான பிழைதான், ஆனால் அடிக்கடி வருவது.

ஐந்தாவதைச் சும்மா பொட்டலத்தில் இடம் இருக்கிறதே என்று போட்டேன். ஓரத்தில் பிறை மாதிரி கடித்தெடுத்த நாணயம், யாரோ வெட்டியது என்றே நினைத்திருந்தேன். அவர் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கி, மேடு சரியாக எழாமல் இருந்தது. வில்லையில் முதலிலேயே துண்டு குறைந்தால், விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கம் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. பிறகு வெட்டிய நாணயத்தில் எதிர் விளிம்பு முழுதாக இருக்கும். எவ்வளவு கெட்டிக்கார மோசடிக்காரனும் இதை மறந்துவிடுகிறானாம்.

அவர் பார்க்கும் முறையே வேறு. நாம் எவ்வளவு விசித்திரம் என்று பார்க்கிறோம். அவரோ வில்லையிலா, அச்சிலா, அடிக்கும்போதா, எந்தக் கட்டத்தில் இது நடந்திருக்க முடியும் என்று கேட்கிறார். மூன்றிலும் இடமில்லை என்றால் அது வெளியே நடந்தது. 2008-இல் பிரிட்டனின் 20 பென்ஸில் புதிய பூவுக்குப் பழைய தலை அச்சைச் சேர்த்துவிட்டார்கள், ஆண்டு இருந்ததோ பழைய பூவிலும் புதிய தலையிலும்தான், அதனால் ஆண்டே இல்லாமல் போயிற்று. கையில் எடுத்தால் குறையே தெரியாத சுத்தமான நாணயம் அது. நானாக இருந்தால் செலவழித்திருப்பேன்.

எடையும் காந்தமும் போதும், பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943-இல் அமெரிக்க சென்ட்டை எஃகில் அடித்தார்கள். தவறிப்போய்ச் சில செம்பு வில்லையில் விழுந்தன. அதற்குப் போலியாக எஃகு நாணயத்துக்கே செம்பு முலாம் பூசி அலைகிறார்கள். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். எஃகு சென்ட் 2.7 கிராம், செம்பு 3.11 கிராம். 1948-இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கும் ஆட்களும் உண்டு, அவர்களைக் காந்தம் பிடிக்காது, லென்ஸ்தான் பிடிக்கும்.

சரி, நீ செய்ய வேண்டியது. தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதே. ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன். மெத்தென்ற பிவிசி உறையில் வைக்காதே, நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். கிராமில் இரண்டு தசமம் வரை எடை, விட்டம், இரு பக்கமும் விளிம்பும் சேர்த்துத் தெளிவான படங்கள், பக்கத்தில் அதே ஆண்டின் சாதாரண நாணயம் ஒன்று. இவற்றை முதலில் எனக்கு அனுப்பு. பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி கட்டணம் வாங்கி நாணயத்தைச் சோதித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களிடம் எடுத்ததுமே ஓடாதே. நாணயம் பொய் என்றாலும் கட்டணம் கட்டணம்தான். அப்படியே அனுப்பினாலும் பிழையின் பெயரைக் குறிக்க வேண்டுமென்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஆனால் இணைப்புக் கோடு தெரிந்தால் பிரித்துப் பார்த்துவிடாதே. பேத்தி பேட் பிடிக்கும் வயது வரட்டும், அவளிடம் கொடு. தலை என்று மட்டும் கேட்கச் சொல். அந்தக் காலத்தில் நீயே எப்படி எப்போதும் முதலில் பேட் பிடித்தாய் என்று எனக்கு இப்போதுதான் சந்தேகம் வருகிறது.

உன் பழைய நண்பன்