பந்து நாற்காலிய ராக்கெட் கணக்குல எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல விண்வெளி யுகத்து நாற்காலி, விளக்கு பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, படமெல்லாம் பெருசா போட்டதுக்கு தனியா ஒரு நன்றி. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லணும். சின்னத முதல்ல சொல்லிடுறேன். பந்து நாற்காலின்னு பேர் போட்டிருந்த படம் பந்து நாற்காலி இல்ல, பபுள் நாற்காலி. ரெண்டுமே ஃபின்லாந்துக்காரர் ஈரோ ஆர்னியோ செஞ்சதுதான், ஆனா பந்து ஃபைபர் கிளாஸ், உள்ள மெத்தை வச்சிருக்கும், ஒத்தக் கால்ல நின்னு சுத்தும். பபுள் 1968ல வந்தது, உள்ள இருக்கிறது அப்படியே தெரியுற அக்ரிலிக், ஷீட்ட சூடாக்கி காத்து விட்டு ஊத வச்சு எடுக்கிறது. அதுக்கும் தெரியுற மாதிரியே ஒரு கால் வைக்கணும்னா அழகா வர வழியில்லன்னுதான் மனுஷன் சங்கிலி போட்டு மேல இருந்து தொங்க விட்டுட்டார்.

இப்ப பெரிய விஷயம். கட்டுரை முழுக்க ராக்கெட்ட பாத்தாங்க, செயற்கைக்கோள பாத்தாங்க, அதான் நாற்காலி இப்படி ஆச்சுன்னு போகுது. பாதிதான் சரி. நான் ஃபைபர் வேலை செய்றவன், தண்ணி தொட்டி, கடை வாசல் பொம்மை, வண்டி பாடி இப்படி என்ன வந்தாலும் மோல்டு போட்டு எடுத்து குடுக்கிறது, அதனால இந்த சாமான பாத்தா எனக்கு கண்ணு முதல்ல போறது ரெசின்ங்கிற பிசினுக்கும், மேட்னு சொல்ற கண்ணாடி நார் விரிப்புக்கும்தான். ஆர்னியோ 1963ல முதல் பந்த எப்படி செஞ்சார்னு பாருங்க, இன்ஜின் இல்லாம பறக்கிற கிளைடர் விமானத்துக்கு உடம்பு செய்ற முறைய எடுத்துகிட்டு, பிளைவுட்ல உருவம் கட்டி, ஈர பேப்பர் ஒட்டி, அது மேல தானே கையால ஃபைபர் கிளாஸ் போட்டார். அளவு எடுத்தது இன்னும் சுவாரஸ்யம், அவர் உக்காந்துக்க, அவர் தலை எவ்வளவு தூரம் போய் வருதுன்னு சம்சாரம் சுவத்துல கோடு போட்டாங்க, அதுல இருந்துதான் வட்டமே வந்துச்சு, அதுக்கப்புறம் வாசல்ல நுழையுமான்னும் பாத்துக்கிட்டார். நாங்களும் இத ரொம்ப கஷ்டப்பட்டுதான் கத்துக்கிட்டோம், வாசல் அளவு பாக்காம மோல்டு போடக் கூடாது. இதுல ராக்கெட் எங்க இருக்கு சொல்லுங்க?

அதே 1963ல இத்தாலில ஜோ கொலம்போ எல்டா நாற்காலி செஞ்சார், அதுக்கு யோசனை வந்தது ஃபைபர் படகு செய்றத பாத்து. அமெரிக்காவுல கட்டடக் கலைஞர் ஈரோ சாரினன், ஒத்தத் தண்டு மேல பூ மாதிரி நிக்கிற டியூலிப் நாற்காலிய டிசைன் பண்ணப்ப, முதல் செயற்கைக்கோளான ரஷ்யாவோட ஸ்புட்னிக் இன்னும் மேலயே போகல, நாற்காலிக்கு அடில காலுங்க காடு மாதிரி நிக்கிறது புடிக்காமதான் அவர் ஒத்தக் காலுக்கு போனார். முழுசும் ஒரே பிளாஸ்டிக்ல வரணும்னு ஆசை, ஆனா பாரம் தாங்காதுன்னு கால அலுமினியத்துல செஞ்சு வெள்ளை பூச்சு குடுத்தாங்க.

விளக்குலயும் அப்படித்தான். குண்டுல இருந்து கம்பி கம்பியா நீட்டிக்கிட்டு நுனில பல்பு இருக்கிறத இப்ப எல்லாரும் ஸ்புட்னிக் விளக்குன்னுதான் சொல்றோம், ஸ்புட்னிக் போனது 1957 அக்டோபர் 4, ஆனா அந்த வடிவத்துல இத்தாலில ஜினோ சர்ஃபாட்டி 1939லயே வாணவெடின்னு பேர் வச்சு செஞ்சிட்டார். நிஜ ஸ்புட்னிக்ல இருந்தது மொத்தமே நாலு ஆன்டெனா, எல்லாம் ஒரே பக்கம் பாத்து பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், விளக்குல மாதிரி எல்லா பக்கமும் இல்ல. நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் ஆபெராங்கிற இசை நாடக அரங்கத்துல தொங்குற இந்த மாதிரி விளக்கு, வியன்னா லோப்மையர் கண்ணாடி விளக்கு கம்பெனிக்கு ஹான்ஸ் ஹரால்ட் ராத் வரைஞ்சது, 1966ல கட்டடம் திறந்தப்ப ஆஸ்திரிய அரசாங்கம் குடுத்த பரிசு. நிகழ்ச்சி ஆரம்பிக்கிறப்ப அரங்கத்துல இருக்கிற அந்த விளக்கெல்லாம் மெதுவா மேல ஏறி கூரைகிட்ட போயிடும், பின்னாடி மாடில உக்காந்தவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னு. இத ஒரு வரி கூட எழுதாம விட்டுட்டீங்களே!

விண்வெளிக்கு பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரல. விண்வெளிக்கு போன முதல் மனுஷன் ககாரின் 1961ல பூமிய சுத்தி வந்தப்புறம் ஜனங்க மனசு அதுலயே இருந்துச்சு, முட்டை மாதிரி ஒண்ண காட்டினா கூட இதுதான் நாளைய வீடுன்னு நம்ப தயாரா இருந்தாங்க, கடைக்காரனுக்கு அது போதும். ஆனா ஒரே துண்டா வளைச்சு எடுக்க முடிஞ்சது பிளாஸ்டிக்காலதான், அதுக்கு காசு போட்டது ரசாயன கம்பெனிங்கதான். ஜெர்மனில கொலோன் ஊர்ல ரைன் ஆத்துல ஒரு கப்பல வாடகைக்கு எடுத்து, 1969ல கொலம்போவையும் 1970ல டென்மார்க் டிசைனர் வெர்னர் பாண்டனையும் உள்ள முழுசா அலங்காரம் பண்ண சொன்னது பேயர் கம்பெனி, அவங்க நாரையும் ஃபோமையும் விக்கிறதுக்கு. தனியா கால் இல்லாம ஒரே துண்டா வளைஞ்சு நிக்கிற பாண்டன் நாற்காலி கதையே பொருளோட கதைதான், 1967ல கண்ணாடி நார் போட்ட பாலியஸ்டர், அப்புறம் கெட்டியான பாலியூரித்தேன் ஃபோம், 1971ல இருந்து உருக்கி அச்சுக்குள்ள அழுத்தி எடுக்கிற இன்ஜெக்ஷன் மோல்டிங் பிளாஸ்டிக், அது நாளாக ஆக விரிசல் விட்டு உடைய ஆரம்பிச்சு 1979ல நிறுத்தியே புட்டாங்க, 1999ல பாலிப்ரோப்பிலீன்ல திரும்ப வந்துச்சு. வளைவு மாறல, மாவுதான் மாறிக்கிட்டே இருந்துச்சு.

1973ல எண்ணெய் விலை ஏறினதும் பிளாஸ்டிக் விலையும் ஏறிச்சு, பறக்கும் தட்டு மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்ச ஃபூச்சுரோ வீடு நூறு கூட தேறாம நின்னு போச்சு. அதுக்கு முந்தின வருஷமும் நிலாவுக்கு ஆள் போயிட்டுதான் இருந்தாங்க, அப்ப இத நிறுத்தினது ராக்கெட் இல்ல, பிளாஸ்டிக் விலைதான்.

கடைசில பழைய சாமான் வாங்குங்கன்னு சொல்லியிருக்கீங்க, சரி, ஆனா எப்படி பாக்கணும்னு சொல்லலயே. பழைய ஃபோம் மெத்தைய விரலால அமுக்கினா திரும்பி எழும்பணும், பொடிப்பொடியா உதிர்ந்தா உள்ள ஃபோம் கெட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம். ஃபைபர் ஓடா இருந்தா கால் சேர்ற இடத்துல சிலந்தி வலை மாதிரி மெல்லிசா வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, மேல புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

படத்துக்கு கீழ யார் செஞ்சது, எந்த வருஷம்னு போடுறீங்க இல்ல, பக்கத்துலயே எதுல செஞ்சதுன்னும் ஒரு வார்த்தை சேத்து போடுங்க. அந்த பந்து நாற்காலி படத்தையும் மாத்தி போட்டிடுங்க.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறை வாசகர்,
கோயம்புத்தூர்